தானாக நடந்த கல்யாணம்

பெரியவர் தூங்கும் நேரமாகப் பார்த்து, பூங்கோதை தன் கல்யாணத்துக்கு அரைநாள் லீவு வாங்கியிருந்தாள். பதிவு அலுவலகத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் கலியமூர்த்தி மாலைப் பையோடு பக்கத்தில் நிற்க, கைரேகைக் கருவியின் கண்ணாடியில் பெருவிரலை வைத்தாள். திரை சிவந்தது.

"உனக்கு ஏற்கெனவே கல்யாணம் பதிவாயிருக்கேம்மா," என்றார் பதிவாளர். "மாப்பிள்ளை பேரு வைத்தியலிங்கம். வயசு எண்பத்தொண்ணு."

"ஐயோ சார், அவரு நான் பாத்துக்கிற பெரியவரு. நான் ஹோம் நர்ஸ்!"

"ஒன்பது வருசமா ஒரே வீட்டுல தங்கியிருக்க. ஆஸ்பத்திரியில கூட இருந்து கைரேகை வச்சிருக்க. அதெல்லாம் பாத்துக் கம்ப்யூட்டர்ல தானா பதிவாயிரும்."

"அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுறவ சார் நான்."

"அதையுந்தான் கணக்குல எடுத்திருக்கு. பொண்டாட்டியத் தவிர எவம்மா அதெல்லாம் செய்வா?"

ரத்து செய்ய வேண்டுமானால் பெரியவரே நேரில் வந்து, இவள் என் மனைவி இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். அவருக்குத் தன் பெயரே மறந்து வெகுநாளாயிற்று. கலியமூர்த்தி மாலைகளைப் பைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினான்.

போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து பெரியவரின் மகன் சந்தானம். இத்தனை வருடத்தில் 'ஏய்' என்பதைத் தவிர வேறெப்படியும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"வணக்கம் சித்தி," என்றான். "இப்பத்தான் தகவல் வந்துச்சு, ரொம்ப சந்தோஷம். இனிமே உங்களுக்குச் சம்பளம்னு கொடுத்தா அசிங்கமா இருக்கும், நிறுத்திட்டேன். அப்பா முழிச்சிருப்பாரு, கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுங்க."