கம்பத்துக்குப் பதில் தென்னை

ஒச்சம்மாவின் குடிசையைக் கையகலத் தாளில் நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்த ஓவியர் ரங்கபாஷ்யம், வாசலிலிருந்த மின்கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அங்கே தென்னை ஒன்றை நட்டிருந்தார்.

"கம்பம் எங்க சார்? ஏழு வருசம் மனு மேல மனு குடுத்து, செருப்புத் தேய அலைஞ்சு வாங்குனது!"

"கண்ணை உறுத்துதும்மா. கிராமத்தோட ஆன்மாவே போயிடும்."

"அந்த ஆன்மா இருட்டுல தேள்கடி பட்டது எனக்குல்ல தெரியும்! கம்பத்தப் போடுங்க, இல்ல எந்திரிங்க."

அவர் புன்னகையோடு தென்னையில் ஒரு குலை இளநீரைத் தொங்கவிட்டார். பொறுக்கமாட்டாமல் விடுவிடுவென்று உள்ளே போன ஒச்சம்மா பட்டப்பகலில் சுவிட்சைத் தட்டினாள். கூரை நிழலில் இருண்டிருந்த வாசல் குண்டுபல்பு வெளிச்சத்தில் மஞ்சளானது.

"ஆகா, அப்படியே இருக்கட்டும்!" என்று கூவிய ரங்கபாஷ்யம், தூரிகையை மஞ்சளில் தோய்த்து வாசற்படியில் ஓர் அகல்விளக்கை ஏற்றினார்.

ஒச்சம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு, அவர் தூரிகை கழுவ அவளிடமே வாங்கி வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள்.