தொடையில் புது வளையங்கள்

எர்சின்ஜான் நகருக்குப் போகும் கணவாய்க்கு மேலே, குதிரைகளின் கழுத்துமணிகளை அவிழ்த்துவிட்டு, துருக்மேன் வீரர்கள் பாறை மறைவில் காத்திருக்கிறார்கள். வெயில் பாறையைத் தாண்டி, அவர்களில் ஒருவனான சல்துக்கின் இடது தொடையில் விழுகிறது. முழங்கால்வரை தகடுகளை இரும்பு வளையங்களால் கோத்திருக்கும் அந்தக் கால்கவசம் அவனுடையதல்ல. போன குளிர்காலத்தில் சல்துக் ஈட்டியால் குத்திக் கொன்ற எதிரியினுடையது. ஈட்டி புகுந்த இடத்தில் கொல்லன் புது வளையங்களைப் பின்னியிருக்கிறான். கறுத்த பழைய இரும்புக்கு நடுவே அந்த உள்ளங்கையகலம் மட்டும் பளபளக்கிறது. விடியலில் சல்துக் அதன்மேல் சேறு பூசினான். வழியெல்லாம் ஒன்றையொன்று உரசி, வளையங்கள் தம்மைத் தாமே துலக்கிக்கொண்டுவிட்டன. "இங்க குத்துன்னு கூப்பிடுற மாதிரி இருக்குடா," என்று பக்கத்துக் குதிரையிலிருந்து எவ்ரன் கிசுகிசுக்கிறான். "செத்தவன் வந்து கேட்டா கழட்டிக் குடுத்துரு." "கேட்டா குடுத்துர்றேண்ணே." சல்துக் சிரிக்கப் பார்க்கிறான், உதடு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. கீழே வளைவில் எதிரிகளின் முதல் ஒட்டகம் தலைகாட்டுகிறது. எல்லோரும் மூச்சை அடக்குகிறார்கள். அந்த அமைதிக்குள் கிணுகிணுவென்று மெல்லிய இரும்புச் சத்தம் கேட்கிறது. எவ்ரன் முகத்தைச் சுளிக்கிறான். "குதிரைய அடக்குடா." சல்துக் குதிரையின் கழுத்தில் கை வைக்கிறான். அது முன்பே கல்லாய்ச் சமைந்து நிற்கிறது. அவன் கையை மெல்ல எடுத்துத் தன் தொடையில், அந்தப் புது வளையங்களின்மேல் வைத்து அழுத்துகிறான். தொடை அடங்கவில்லை; சத்தம் இன்னும் கூடுகிறது.