தொப்பி எங்கே?

மணிலா ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில் டி.வி. தொடர் ஷூட்டிங். விந்தி விந்தி வந்த டைரக்டர் டின்டோ, நீலச் சட்டை, கால்சட்டையில் நின்றவளைப் பார்த்ததும் எகிறினார்.

"தொப்பி எங்கம்மா? வெள்ளை கவுன் எங்க? உன்னைப் பார்த்தா நர்ஸ் மாதிரியா இருக்கு?"

"சார், நான்..."

"எதிர்த்துப் பேசாதே! ஜோவெலினைப் பாரு. ட்ரேயைத் தூக்கிட்டு அவ நடந்தா, அதுதான் நர்ஸ்!"

தொப்பி வைத்த நடிகை ஜோவெலின் பூரித்துப்போனாள்.

"அப்ப சரி" என்று கையிலிருந்த ஊசியை அந்த ட்ரேயில் வைத்தாள் நீலச் சட்டைக்காரி. "காலைல சாரை நாய் கடிச்சதுக்கு ஊசி. டாக்டர் குடுத்தனுப்பினார். நீங்களே போட்டுடுங்க."

"ஐயோ, எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்!"

அதற்குள் நீலச் சட்டை வார்டுப் பக்கம் திரும்பிவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டியபடி பின்னாலேயே விந்தி விந்தி ஓடினார் டின்டோ.

"மேடம்! தொப்பியே வேணாம், மேடம்!"