தலைவர் வீட்டு வாசலில் போலீஸ்

வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் பூபதி காலரைச் சரிசெய்துகொண்டார். மனித உரிமைக் கழகத்தின் மாவட்டத் தலைவர் அவர். காரின் முன்னால் சிவப்பு எழுத்தில் பலகையே உண்டு.

"உள்ள வரலாமுங்களா?" என்றார் பெண் எஸ்.ஐ.

"வாரண்ட் இருக்குதா? இல்லீல்ல? அப்ப வாசல்லயே நில்லுங்க!"

வெண்ணந்தூரில் அந்தத் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் அவர் குரல் தானாக மேடை ஏறியது.

"ஒருத்தர அடைச்சு வெக்கோணும்னா காரணம் சொல்லோணும். போனைப் புடுங்கி வெச்சுக்க எவனுக்கும் அதிகாரமில்ல. தனிமனித சுதந்திரம்னா சும்மாவா?"

"தலைவர்னா தலைவர்தானுங்க!" எதிர்வீட்டுச் சின்னண்ணன் கைதட்டினார்.

எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டு முடித்தார். "அத்தனையும் நெசமுங்க. அப்ப மாடி ரூம் சாவியக் குடுங்க. உங்க பொண்ணு கலைமணிய முந்தாநாள்ல இருந்து பூட்டி வெச்சிருக்கறதா புகாருங்க. அதுக்கு இருபத்தாறு வயசு. புடிச்சவரைக் கட்டிக்கறேன்னது குத்தமில்லீங்க."

கைதட்டல் நின்றது.

"எவன் குடுத்தான் புகாரு?"

"நாந்தானுங்க," என்றாள் கதவோரம் நின்ற மனைவி ஜெயமணி. "சொந்தக்காரங்கன்னு பார்க்காம புகார் குடுக்கோணும்னு ராசிபுரம் கூட்டத்துல பேசுனீங்கல்ல? முன்வரிசைல உக்காந்து கேட்டனுங்க."

சாவி பூபதியின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. தெருவே பார்க்க, வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டே போனது.

சின்னண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்: "கத்தரிக்கோல் கொண்டாரட்டுங்களா, தலைவரே?"