தரைக்கு ஒரு பூசை

"பாய்லர் யானை மாதிரி வெறகு திங்குது, தரை மட்டும் ஐஸ் கணக்கா கெடக்குதுன்னு தொர தாம்தூம்னு குதிக்கிறாரு. என்னா சிவசாமி, ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

பங்களாவின் பின்முற்றத்தில் நின்றபடி சத்தம் போட்டார் கணக்கப்பிள்ளை நல்லமுத்து. மலையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் பின்வாசலைத் தாண்டி பங்களாவுக்குள் போக அவருக்கும் அனுமதி கிடையாது.

சிவசாமி பாய்லர் அடுப்பை விட்டு எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது மலையில் சறுக்கி விழுந்து ஒடிந்த கால் அவனுக்கு. மலையேற முடியாதவனுக்குத் தோட்டத்தில் கிடைத்த ஒரே வேலை, இந்தப் பாய்லருக்கு நெருப்புப் போடுவது. இதுவும் போனால் பேர் வெட்டிய பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, குடியிருக்கும் லயத்துக் காம்பிராவையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது?

பழைய துரைக்கு வாதக் கால். அதற்காக முன்னறைத் தரைக்குக் கீழே குழாய் புதைத்து, பாய்லர் வெந்நீரை ஓடவிட்டிருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு அவர் கப்பலேறிவிட்டார். புதுத் துரை அதே அறையில் சன்னலை விரியத் திறந்து வைத்து, கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். "குளிர், குளிர்" என்றும் கத்துவார்.

"ஐயா, தொரகிட்ட ஒரு வார்த்தை சொல்லி..." என்று சிவசாமி இழுத்தான்.

"தொரகிட்ட வார்த்தையா? நல்லாருக்கே கதை! கொடைய மடக்காம எதிர்ல வந்தான்னு பழனியாண்டிய வெரட்டுனது மறந்துபோச்சா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. ஆயுத பூசைக்குள்ள தரை சூடாகணும். இல்லேன்னா நடையக் கட்டு."

சிவசாமி வேலையைப் பார்த்தான். புகைக்குழாயில் விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தான். பாய்லரைச் சுற்றிக் கட்டியிருந்த செங்கல் வெடிப்புகளில் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசினான். வெளியே ஓடிய குழாய்களுக்கு வைக்கோல் சுற்றி, மேலே பழைய சாக்கு வைத்துக் கட்டினான். ஈர விறகை அடுப்போரம் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே தள்ளினான்.

"அடேயப்பா, வெறகு பாதியா கொறஞ்சிருச்சே!" என்றார் சமையல்காரர் செபஸ்தியாம்பிள்ளை, தேத்தண்ணியை நீட்டியபடி. "இந்தா, குடி. தொரயோட நாய்தான் எங்க போச்சுன்னே தெரியல. எலும்பு போட்டாக்கூட குசினிப் பக்கம் வரமாட்டேங்குது."

"முன்னறையிலதாங்க படுத்திருக்கு" என்றான் சிவசாமி.

விறகு குறைந்தது. துரையின் கத்தல் குறையவில்லை. ஆயுத பூசைக்கு முதல்நாள் கணக்கப்பிள்ளை மறுபடியும் வந்து நின்றார்.

"வெறகு மிச்சம், ஒத்துக்கறேன். ஆனா தொர இன்னமும் கோட்டக் கழட்டல. நான் என்னாப்பா பண்ணட்டும்? நாளைக்கு ஒன் பேர வெட்டச் சொல்லிட்டாரு." அவர் குரலிலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

சிவசாமி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "என்னால ஆனத செஞ்சுட்டேங்க. இனிமே சாமிதான் செய்யணும். நாளைக்கு பாக்டரி மெசினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம். பாய்லர் மட்டும் என்னாங்க பாவம் செஞ்சுச்சு? தண்ணி ஓடுற முன்னறைத் தரைக்கும் ஒரு பூசை போட்டுருவோம். தொரயும் வந்து நிக்கணும்."

"தொரயவா கூப்பிடச் சொல்ற?"

"பாக்டரி பூசைக்கு வர்றாருல்லங்க?"

சாமி காரியம். மறுத்தால் குற்றமாகிவிடுமே என்று கணக்கப்பிள்ளை பயந்தார். போய்ச் சொன்னார். துரை சிரித்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் முன்னறை நடுவில் வாழையிலை விரித்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, பொரி கடலை படைத்தான் சிவசாமி. பூசை என்பதால் கணக்கப்பிள்ளைக்கும் அன்று அனுமதி. வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவர், முழங்கால் வரை ஏறிய மேசுக் காலுறையும் கனத்த சப்பாத்துமாக வந்து நின்ற துரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தொரைங்களே, கோவிச்சுக்கக் கூடாது. சாமி முன்னால சப்பாத்து ஆகாதுங்க. மேசும்..."

துரை முகத்தைச் சுளித்தார். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினார்.

சிவசாமி சூடம் ஏற்றினான். அது எரிந்து முடியும் முன் இன்னொன்றை வைத்தான். தேவாரத்தையும் நிறுத்தி நிதானமாகப் பாடினான். துரை ஒரு காலை நகர்த்தினார். குனிந்து தரையைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தும் பார்த்தார்.

"ஏ சிவசாமி! தரை சூடு! நல்ல சூடு! ஒன் சாமி ரொம்பக் கெட்டிக்கார சாமி!" என்று கத்தினார் துரை. "கணக்கப்புள்ள, பாய்லருக்கு எப்பவும் சிவசாமிதான். வேற ஆள் வேணாம்!"

வெளியே வந்ததும் கணக்கப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் காலு சுட்டுச்சப்பா. ஒடம்பெல்லாம் புல்லரிக்குது. ரெண்டு சூடத்துல தரை எப்படிப்பா சூடாச்சு?"

சிவசாமி தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"அது சூடாகி ரொம்ப நாளாச்சுங்க ஐயா. ஆனா தொரயப் பாத்து 'சப்பாத்தக் கழட்டு'ன்னு சொல்ல, சாமிய விட்டா நமக்கு வேற யாருங்க இருக்கா?"