இரக்கச் சுரப்பி

"அன்பர்களே! மனிதகுல வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். உலகம் இதுவரை கண்டறியாத ஓர் உண்மையை, இந்த அறையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாம் கண்டறியப் போகிறோம்!"

தர்ம சங்கத்தின் தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். அன்பர்கள் மொத்தம் மூன்று பேர். பேராசிரியர், வக்கீல், ஜவுளிக்கடைக்காரர்.

குழந்தைகள் இல்லத்துக்காக ஆண்டு முழுவதும் போர்வையும் புத்தகமுமாகக் கொண்டுவந்து கொட்டுகிற ஊர், ஆண்டு இறுதி விடுமுறை வந்தால் மட்டும் ஏன் கையை இறுக்கி மூடிக்கொள்கிறது? அந்தப் பத்து நாளில் ஒரு கிழிசல் துண்டுகூட வந்ததில்லை. அதை ஆராயத்தான் விடுமுறையின் முதல் நாளே, குடும்பத்தையும் பாராமல் கூடியிருந்தார்கள்.

அஜெண்டாவில் இரண்டே தீர்மானங்கள். ஒன்று, காரணத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டு, அந்தக் காரணத்தை வேலையை விட்டு நீக்குவது.

இரண்டாவது தீர்மானம் யாரைப் பற்றியது என்பது, டீத் தட்டோடு நின்ற அக்காவுக்கு நேற்றே தெரியும். அஜெண்டாவை ஜெராக்ஸ் எடுத்து வந்ததே அவர்தான். பதினைந்து வருஷமாக அலுவலகத்தைப் பெருக்கி, வருகிற பொருளை வாங்கி அடுக்குகிறவர். மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. காலையிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பேராசிரியர் எழுந்தார். "நாற்பத்தெட்டுப் பக்க அறிக்கை. சுருக்கமாச் சொல்றேன். மனுஷன் சந்தோஷமா இருக்கிறப்ப அவனோட இரக்கச் சுரப்பி சுருங்கிடுது."

"அது எங்க இருக்கு பேராசிரியரே?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"முப்பத்தோராம் பக்கத்துல."

"உடம்புல எங்கன்னு கேட்டேன்."

"அதை அடுத்த அறிக்கையில ஆராயப் போறேன்."

வெளியே முன்கூடத்தில் 'தொம்'மென்று ஒரு சத்தம்.

"யாரும்மா அது? முக்கியமான கூட்டம் நடக்குதுன்னு தெரியாதா?" என்று தலைவர் சீறினார்.

"பார்த்துட்டு வரேங்கய்யா." அக்கா கதவைச் சாத்திக்கொண்டு ஓடினார்.

ஜவுளிக்கடைக்காரர் தன் பங்குக்குக் கனைத்தார். "நான் சொல்றேன் கேளுங்க. லீவு விட்டா அவனவன் மச்சான் வீட்டுக்குப் போயிடறான். பத்து நாள் அங்க உட்கார்ந்து சாப்பிடுறவன் என்னத்தைத் தர்மம் பண்ணுவான்? அவனே தர்மச் சாப்பாட்டுலதானே இருக்கான்!"

'தொம்... தொம்...'

"சுரப்பியும் இல்லை, மச்சானும் இல்லை," என்று வக்கீல் கையை உயர்த்தினார். "காரணம், முகம்! பொருள் குடுக்க வர்றவங்களைப் பார்த்து அந்தம்மா ஒரு நாளாவது சிரிச்சிருக்கா? கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரியே பார்க்குது."

"வருஷம் பூரா அதே முகம்தானே இருக்கு? மத்த நாள்ல நல்லாத்தானே வருது?"

"குறுக்குக் கேள்வி கேட்கிறது என் தொழில்," என்றார் வக்கீல். ஜவுளிக்கடைக்காரர் அடங்கிவிட்டார்.

தலைவர் முகம் மலர்ந்தது. "அப்ப நமக்குத் தேவை ஒரு புன்னகை அலுவலர். என் மைத்துனர் பையன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். தூங்கும்போதுகூடச் சிரிப்பான்."

அப்போது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நீண்டது. கையில் டீ. பின்னால் வியர்த்து விறுவிறுத்த அக்காவின் முகம்.

"என்னக்கா, ஜன்னல் வழியா?"

"உள்ள வர முடியலைங்க சார்." நான்கு டம்ளரையும் கொடுத்துவிட்டு முகம் மறைந்தது.

"பார்த்தீங்களா, கோபம்! இப்பவும் சிரிக்கலை!" என்றார் வக்கீல்.

இரண்டாவது தீர்மானம் டீ ஆறுவதற்குள் ஒருமனதாக நிறைவேறியது.

"நானே போய்ச் சொல்லிடறேன்," என்று தலைவர் எழுந்து கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. வக்கீல் தோள்கொடுத்தார். பேராசிரியர் அறிக்கையை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கதவு நாலு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கில் ஒரு மரக்குதிரை தலையை நீட்டித் தலைவரை முறைத்தது.

குதிரைக்குப் பின்னால் கூரைவரை போர்வைக் கட்டுகள். புத்தகப் பெட்டிகள், பள்ளிப் பைகள், இரண்டு சைக்கிள்கள், ஒரு தையல் மிஷின். அதற்கும் பின்னால் வாசலைத் தாண்டித் தெருமுனை வரை வரிசை. குழந்தை குட்டிகளோடு, புதுத்துணியும் சிரிப்புமாக, ஆளுக்கொரு மூட்டையோடு ஊரே நின்றது. "இதை எங்கக்கா வைக்கிறது?" "தள்ளுங்கண்ணே, என் பொண்ணு பொம்மையைக் குடுத்துட்டுப் போயிடறோம்!" என்று ஒரே கூச்சல்.

"ரத்து! ரெண்டாவது தீர்மானம் ரத்து!" என்று தலைவர் கத்தினார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா! இந்தப் பத்து நாள்ல ஒரு துண்டுகூட வந்ததில்லையே! இன்னிக்கு மட்டும் என்ன மந்திரம் போட்டே?"

பேராசிரியர் நாற்பத்தொன்பதாம் பக்கம் எழுதப் பேனாவைத் திறந்தார்.

போர்வை மலைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் பயந்துகொண்டே வந்தது.

"மன்னிச்சிருங்கய்யா. வருஷா வருஷம் நீங்க சொன்னபடி லீவு பத்து நாளும் வாசக்கதவைப் பூட்டித்தான் வைப்பேன். இன்னிக்கு ஏதோ நினைப்புல பூட்ட மறந்துட்டேன்."