நாற்பத்திரண்டாவது கையெழுத்து

"இந்த மனுசன் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறாரா?"

அழகி இதைப் பக்கத்தில் நின்ற பெண்களிடம் கேட்டாலும், எதிரே உட்கார்ந்திருந்த பேங்க் மேனேஜர் கோபிநாத்துக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டாள். கேட்டது. அவர் நிமிரவில்லை.

"போன மாசம் ரெண்டு தடவ எங்க வீட்டுக்கே வந்துட்டாருடி. ரெண்டாந் தடவ நாயை அவுத்து விட்டேன். பேண்ட்டப் புடிச்சுக்கிட்டு ஓடுனாரு பாரு!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வல்லத்திராக்கோட்டை ரோட்டில் இருந்த அந்த முந்திரி கம்பெனி திவாலாகி ஒரு வருஷம். இடத்தையும் மிஷின்களையும் விற்று, பாக்கிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க கோர்ட் அனுப்பிய அதிகாரி அரவிந்த்குமார், கம்பெனி ஆபீஸிலேயே விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

பேங்க் கேட்டது நாலு கோடி. அதில் எண்பத்து நாலு லட்சத்தில்தான் தகராறு. நாற்பத்திரண்டு தொழிலாளர்கள் பேரில், ஆளுக்கு இரண்டு லட்சமாகக் கொடுத்த கடன் அது.

"தொழிலாளிங்க பேருக்குத்தான். பணம் அன்னிக்கே கம்பெனி கணக்குக்குப் போயிருச்சு. அதனால இது கம்பெனி கடன்" என்று ஒற்றைக் காலில் நின்றார் கோபிநாத்.

நடந்ததும் அதுதான். மூணு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை அன்று பொரி, கடலை, ஆயிரம் ரூபாய் போனஸ் கொடுத்துவிட்டு, "போனஸ் வாங்குனதுக்கு" என்று நாலைந்து பேப்பரில் கையெழுத்து வாங்கினார் முதலாளி. சாமி கும்பிட்ட கையோடு முதலாளி நீட்டுகிற பேப்பரை எந்த ஊரில் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார்கள்?

சூப்பர்வைசர் திருமுருகன் அழகியின் பக்கம் வந்து நின்றார்.

"சொன்னது ஞாபகம் இருக்குல்ல? கடன் நாந்தான் வாங்குனேன்னு சொல்லு. பேங்க்காரன் பங்கு கொறையும். நம்ம சம்பளப் பாக்கி முழுசா வந்துரும்."

"பின்னாடி என்னையக் கட்டச் சொன்னாங்கன்னா?"

"கம்பெனியே திவாலு. அந்தக் கடனெல்லாம் இனி காந்தி கணக்குதான் அழகி."

எட்டு மாசச் சம்பளம், அறுபத்து நாலாயிரம். மகள் சரண்யாவின் நர்சிங் காலேஜுக்கு அதை நம்பித்தான் தவணை சொல்லியிருந்தாள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

அரவிந்த்குமார் கூப்பிட்டார். "கடன் நாங்கதான் வாங்குனோம்னு நாப்பத்தோரு பேரு ஒரே மாதிரி எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்கதான் கடைசி. ஒருத்தர் மாத்திச் சொன்னாக்கூட நான் இதைத் தனியா விசாரிச்சாகணும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தக் கடனை நீங்க வாங்குனீங்களா?"

அழகி திருமுருகனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கோபிநாத் எழுந்தே விட்டார். "உள்ளதச் சொல்லுங்கம்மா! அந்தப் பணத்த நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"சார், குறுக்க பேசாதீங்க."

"இல்ல சார், இந்தம்மா பொய் சொல்லப் போறாங்க..."

"யாரப் பாத்துப் பொய்யிங்கிறீங்க?" அழகிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஆமா சார், நாந்தான் வாங்குனேன். மாடு வாங்குனேன்."

"எத்தன மாடு?"

"ரெண்டு."

அவள் வீட்டில் இருப்பது அந்த ஒரு நாய்தான். ஆனாலும் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாள். பேங்க் கேட்ட தொகையில் எண்பத்து நாலு லட்சத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அரவிந்த்குமார் ஃபைலை மூடினார்.

வெளியே விசில் பறந்தது. திருமுருகன் போனைக் காதில் வைத்தபடியே பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அழகிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், மொகம் செத்துப் போச்சு? எங்க வயித்துல அடிக்கலாம்னு பாத்தீங்க. நடக்கல பாத்தீங்களா?"

கோபிநாத் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதக் காட்டத்தாம்மா உங்க வீட்டுக்கு வந்தேன். எல்லார் வீட்டுக்கும் போனேன். ஒருத்தரும் கதவத் தொறக்கல. இன்னிக்கு இங்க, விசாரணை முடியிற வரைக்கும் உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னுட்டாங்க."

"என்னது இது?"

"ஹெட் ஆபீஸ்ல கெஞ்சி வாங்குனது. இதைக் கம்பெனி கடன்னு இங்க ஏத்துக்கிட்டா, உங்க நாப்பத்திரண்டு பேரையும் கடன்லேருந்து விடுவிக்கிறோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

விசில் சத்தம் அடங்கிவிட்டது.

"இப்ப... இப்ப என்ன சார் ஆகும்?"

"நீங்கதான் வாங்குனதா எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா. வட்டியோட ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். நீங்கதான் கட்டணும்."

"காந்தி கணக்குன்னு திருமுருகன் அண்ணன் சொன்னாரே!"

"அவரு மொதலாளியோட ஆளு, அவரு பேருல கடனே இல்லம்மா. ஏமாத்திக் கையெழுத்து வாங்குனது வெளிய வந்தா மொதலாளி ஜெயிலுக்குப் போகணும். இப்ப அந்தப் பயமும் இல்ல."

அழகி அரவிந்த்குமாரிடம் ஓடினாள். "சார், மாத்தி எழுதித் தர்றேன் சார்! மாடெல்லாம் இல்ல சார், சத்தியமா இல்ல!"

"சாட்சிக் கையெழுத்தெல்லாம் போட்டாச்சும்மா. இனி கோர்ட்ல போயித்தான் சொல்லணும்."

"எந்தக் கோர்ட்டு சார்?"

"சென்னை."

அழகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபிநாத் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.

"அடுத்த வாரம் நோட்டீஸ் குடுக்க நான்தாம்மா வரணும். அன்னிக்காவது நாயைக் கட்டிப் போட்டு வைங்க."